எறும்பு ஏறிய வாத்தியம்

மின்விசிறியை நிறுத்தாமல் இதைத் தோளில் சாத்த முடியாது என்பதுதான் முதல் அவமானம். பேக்பைப்பின் மூன்று ஒத்துக் குழல்களில் நெட்டையானது ஜெயசீலியின் இடது தோளுக்கு மேலே கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். முதல் நாளே விசிறி இறக்கை அதன் மண்டையில் தட்டி வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழைப் பறக்கவிட்டது, அது பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு இன்றுவரை வெளியே வரவில்லை. ஆகவே விசிறி கிடையாது. ஜன்னலும் கிடையாது, திறந்தால் கீழ்வீட்டு ராஜமாணிக்கத்துக்கு நேரே காதுக்குள் போகும், அவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வேறு. கதவும் கிடையாது, கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் கணவர் எட்வின் பேப்பர் படிக்கிறார். திருச்சியில், சனிக்கிழமை பிற்பகலில், பெட்டி மாதிரியான படுக்கையறையில், கட்டம் போட்ட சிவப்புப் பச்சைத் துணிக்குள் ஒரு ரெக்சின் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாற்பத்தேழு வயதுப் பி.டி. டீச்சர் நிற்கிறாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்க யாரும் இல்லை என்பதில் எரிச்சல்தான் வந்தது. ஊது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஊதித் தொலை. ஊதினாள். ஊது குழாயிலிருந்து வெல்ல வாசனை மூக்கில் ஏறியது.

வெல்லம் அவளுடைய சொந்தக் கைங்கரியம். போன் வீடியோவில் பாடம் நடத்துகிற சிவந்த கன்னத்து வெள்ளைக்காரக் கிழவர், பையைப் பதப்படுத்த வேண்டும், காற்று கசியாமல் உள்ளே பிசுக்கு ஏற்ற வேண்டும், அந்தக் காலத்தில் தேனும் சர்க்கரைப் பாகும் ஊற்றுவோம் என்று அவளுக்குப் பாதி புரிந்தும் புரியாமலும் சொல்லி வைத்தார். தேனுக்கு எங்கே போவது, வெல்லம் இருந்தது. பாகு காய்ச்சி, அதிரசத்துக்குப் பதம் பார்க்கிற மாதிரி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, ஆறவைத்து, புனல் வைத்து ஊற்றி, பையை நன்றாகப் பிசைந்து கொடியில் தொங்கவிட்டாள். அதெல்லாம் தோல் பைக்குத்தான், ரெக்சினுக்கு ஒன்றும் வேண்டாம் என்று அதே கிழவர் அடுத்த வீடியோவில் சொன்னார். இதை முந்தின வீடியோவிலேயே சொல்லித் தொலைப்பதற்கு என்ன. மறுநாள் காலை கொடியில் எறும்பு, சுவரில் எறும்பு, குழலின் எல்லா ஓட்டையிலும் எறும்பு. வாயை வைத்து இழுத்தபோது ஒன்று நாக்குக்கு வந்தது, கடித்தது, விழுங்கினாளா துப்பினாளா என்று இப்போதும் தெரியாது. தொண்டைக்குள் ஊர்கிற மாதிரி அவ்வப்போது இருக்கிறது, இப்போதும் இருக்கிறது. இருமினாள். கட்டிலுக்கு எறும்பு ஏறியபோதாவது அந்த மனுஷன் வாயைத் திறப்பார் என்று நினைத்தாள். என்ன கருமம் இது என்று கேட்டிருக்கலாம், அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. கடைக்குப் போனார், எறும்பு சாக்பீஸ் வாங்கி வந்தார், கட்டிலில் தன் பாதியைச் சுற்றி மட்டும் குனிந்து குனிந்து கோடு போட்டார். கட்டிலின் கால் இரண்டைச் சுற்றித் தரையில், தலைமாட்டுச் சுவரில் ஒரு நேர்கோடு, நடுவில் மெத்தை விளிம்பில்கூட ஒரு இழுப்பு. அவளுடைய பாதியை எறும்புக்கு விட்டுக்கொடுத்தார். அந்தக் கோடு இப்போதும் காலடியில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, அதை மிதிக்காமல் நிற்க வேண்டும் என்று கால் தானாகவே ஒதுங்குகிறது. ஏன் ஒதுங்க வேண்டும், மிதித்தால் என்ன. மிதிக்கவில்லை.

பை நிறைந்தது. இப்போதுதான் கண்டம். ஊதுவது வாய், அழுத்துவது கை, வாய் மூச்சு வாங்கும்போது மட்டும் கை அழுத்த வேண்டும், வாய் ஊதும்போது கை விட வேண்டும், அப்போதுதான் சத்தம் ஒரே சீராக வரும். கேட்க எவ்வளவு சுலபம். அவளுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கிறது, வேகம் வந்தால் உடம்பு முழுக்க ஒரே பக்கம் தள்ளுகிறது. மாணவிகளுக்குக் குண்டு எறியச் சொல்லிக்கொடுக்கிறபோது அவளே கத்துவாள், மூச்சைப் பிடிடீ, எல்லாத்தையும் ஒரேயடியா விடாதடீ என்று. அழுத்தினாள். விரல் குழல் முதலில் உறுமியது, அப்புறம் அறுபடுகிற ஆட்டுக்கிடா மாதிரி ஒரு ஓலம், அதற்கப்புறம்தான் சுரம் என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று. இத்தனைக்கும் ஒத்துக் குழல் மூன்றையும் தக்கை வைத்து அடைத்திருக்கிறாள், கற்றுக்குட்டிகள் அப்படித்தான் பழக வேண்டுமாம். ஒற்றைக் குழலுக்கே இந்தப் பாடு. நாகஸ்வரக்காரருக்கு ஒத்து ஊத ஒரு ஆளாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இதில் எல்லாம் ஒரே ஆள், ஊதுவதும் அவளே, ஒத்தும் அவளே, அமுக்குவதும் அவளே, குடும்பம் நடத்துகிற லட்சணம் இதிலும் அப்படியே வந்து வாய்த்திருக்கிறது. சீவாளி மட்டமான சீவாளி. இருக்கிறதிலேயே மலிவாக, முதன்முதலாகப் பழகுகிறவர்களுக்கு என்று படம் போட்டு விற்கிறதைத் தாளாளர் குணபூஷணம் போனிலேயே தேடி வரவழைத்தார். இந்த மாதிரி வாத்தியத்தைச் சுவரில் மாட்டிவைக்கலாம், வாயில் வைக்காதீர்கள் என்று கிழவர் முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார். அதைத் தாளாளரிடம் போய்ச் சொல்ல முடியுமா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டேக்கு சீப் கெஸ்டை பேக்பைப் வாசித்து மைதானத்துக்குள் அழைத்துப் போனதைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. நம்ம ஸ்கூல் மட்டும் என்ன இளைச்சதா மிஸ், என்றார். டிரம் அடிக்கப் பிள்ளைங்க இருக்கு, நீங்க முன்னால ஊதிக்கிட்டு நடந்தா போதும். நேற்று மறுபடியும் கூப்பிட்டார். திங்கக்கெழமை கலெக்டர் வர்றாங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல. எங்க சகலை பையன் ஒருத்தன் போலீஸ் பேண்டுல பழகினவன் இருக்கான், அவனையே பி.டி.க்கும் போட்டுக்கலாம்.

எவ்வளவு அன்பாகச் சொன்னார். மேஜை மேல் இருந்த முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார். அவனையே பி.டி.க்கும் போட்டுக்கலாம். இருபத்தோரு வருஷம் வெயிலில் விசில் ஊதி, சுண்ணாம்பில் கோடு இழுத்து, மாநிலப் போட்டி வரைக்கும் பெண்களைக் கூட்டிப்போனவளுக்கு அந்த முறுக்கோடு கணக்கு முடிந்துவிடும். முடிகிறது என்று வைத்துக்கொள், செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்வாய், ஜெயசீலி. எழுந்திருப்பாய். காபி போடுவாய். டிராக் சூட் மாட்டுவதற்குக் காரணம் இருக்காது. ஹாலில் அவர் பேப்பரை மடித்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார், வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லவும் வேண்டாம். அதுதான் தாங்காது. வேலை போவதைத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வந்தபோது டிக்கெட் பரிசோதகர் எட்வின் பெட்டி கட்டினார், அவளுடைய சேலைகளையும் சேர்த்தே கட்டினார், அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் பீரோவில் அடுக்கினாள். நான் வேலையை விட முடியாதுங்க, என்றாள். உனக்கு ஸ்கூலு வேணும்னா ஸ்கூலோடயே குடும்பம் நடத்து, என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசி முழு வாக்கியம். போனார், அங்கே இருந்தார், ஓய்வு பெற்றார், அதே பெட்டியோடு திரும்பி வந்தார். பெட்டியை உள்ளே கொண்டுவந்தவர் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். சரி, நாலு நாள் முறைப்பு என்று இருந்தாள், பிறகு தவக்காலம் முடியட்டும் என்று இருந்தாள், பிறகு இருக்கவும் மறந்துபோனாள். உப்பு தீர்ந்தால் ஓசூரில் இருக்கிற மகள் ஷைனிக்குப் போன் போடுவார், ஷைனி சமையல்கட்டில் நிற்கிற அவளுக்குப் போன் போடுவாள். அம்மா, அப்பாவுக்குக் குழம்புல உப்பு பத்தலையாம். ஓசூருக்குப் போய் வருகிற உப்பு. பாவம் ஷைனி, போன வாரம் அழுதுவிட்டாள், நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் தொலையுங்களேன் என்று. ஆக, எந்தப் பள்ளிக்கூடத்துக்காக அவள் அந்த மனுஷனுடைய பேச்சை இழந்தாளோ அந்தப் பள்ளிக்கூடம் இப்போது ஒரு வெல்லப் பையில் தொங்குகிறது. இதை ஊத வரவில்லையென்றால் இரண்டும் போச்சு. ஜோலார்பேட்டைக்கே போயிருக்கலாமே என்று அந்தப் பார்வை கேட்கும்.

விரல் தவறியது. மேல் சுரத்துக்குப் போகவேண்டிய இடத்தில் கட்டைவிரல் வழுக்கி, குழல் வீல் என்றது. வியர்வை. நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கை கிடையாது, இரண்டு கையும் வாத்தியத்துக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. இந்தச் சனியனில் மெதுவாக வாசிப்பது என்று ஒன்று கிடையாது. வீணை என்றால் மெல்ல மீட்டலாம், ஆர்மோனியத்தை அமுக்கமாக வாசிக்கலாம், இதில் சத்தம் ஒன்று உண்டு அல்லது இல்லை. கத்து, அல்லது வாயை மூடு. ஒரு விதத்தில் அது பிடித்தும் இருந்தது, வீட்டில் இத்தனை நாள் குசுகுசுப்புகூட இல்லாமல் இருந்ததற்கு. சொல்லப்போனால் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமிலேயே பழகியிருக்கலாம், சாவி அவளிடம்தான் இருக்கிறது, மைதானத்து ஓரம், கேட்பதற்கு ஆளில்லை. ஏன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, குழல்கள் பக்கத்து அம்மாளின் முகத்தில் இடிக்க, என்னம்மா அது, ஏதும் உயிரா என்று கேட்க. தெரிந்துதான் தூக்கி வந்தாள். ஒரு மனுஷனால் எவ்வளவுதான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியும் என்று பார்க்கத்தான். நிறுத்துடீ என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, கெட்ட வார்த்தையாக இருந்தாலும் போதும். இரண்டு வாரமாக ஆட்டுக்கிடா அறுபடுகிறது, ஹாலில் பேப்பர் பக்கம் திருப்புகிற சத்தம்தான் பதிலாக வருகிறது. சில சமயம் அதுவும் வருவதில்லை. நாற்காலியிலேயே போய்விட்டாரோ. போயிருந்தால் எப்படித் தெரியும். பேசாத மனுஷன் பேசாமல் போய்விட்டால் என்ன வித்தியாசம், சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவாள், தட்டு ஆறிப்போய் இருந்தால்தான் தெரியும். முதலில் ஷைனிக்குப் போன் செய்ய வேண்டும். ஷைனி அங்கிருந்து அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்பாளோ என்று நினைத்து, ஊதிக்கொண்டே சிரிப்பு வந்துவிட்டது, காற்று மூக்கு வழியாகப் போய் பை தொய்ந்து, குழல் மூக்கால் அழுது இழுத்து இழுத்து அடங்கியது. சே. அடங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். கிழவர் படித்துப் படித்துச் சொல்கிறார், ஆரம்பிப்பதைவிட நிறுத்துவதில்தான் வாசிக்கிறவன் யார் என்று தெரியும், கத்தரியால் வெட்டின மாதிரி நிற்க வேண்டும், செத்துக்கொண்டே போகக் கூடாது. அவளுடையது ஒவ்வொரு தடவையும் செத்துக்கொண்டேதான் போகிறது. கலெக்டர் மேடை ஏறி நின்று, டிரம் நின்று, எல்லாரும் அமைதியாக நிற்கும்போது இது மட்டும் ங்ங்ங் என்று முனகிக்கொண்டு சாகப்போகிறது, ஆயிரம் பிள்ளைகள் சிரிக்கப்போகிறார்கள், முறுக்குத் தட்டு நகரப்போகிறது.

இன்னொரு தடவை. காதைப் பொத்திக்கொள்ளுங்கள் எல்லாரும், ராஜமாணிக்கம், மேல்வீட்டில் காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், பேப்பர் படிக்கிற மகராசன். நிறைத்தாள். தட்டினாள். உறுமல் கொஞ்சம் குறைவு, ஓலம் இல்லை என்றே சொல்லலாம். நடை மெட்டு ஆரம்பித்தது, வலது காலில் எடுக்க வேண்டுமா இடது காலிலா என்று நினைக்காமலே கால் இருந்த இடத்தில் இடது வலது போட்டது, இருபத்தோரு வருஷத்துக் கால், அதற்குத் தெரியாதா. கால் போட்டதும் கை ஒரு அமைதிக்கு வந்தது. வாய் ஊதக் கை விட்டது. வாய் மூச்சு வாங்கக் கை அழுத்தியது. அட. யோசிக்காதே, யோசித்தால் போய்விடும். இடது வலது. நெஞ்சு எலும்புக்குக் கீழே ஒரு குத்தல், மாரடைப்பு இப்படித்தான் ஆரம்பிக்குமாம், ஆரம்பிக்கட்டும், மெட்டு முடியட்டும். சுரங்கள் ஒன்றன் காலை ஒன்று மிதிக்காமல் வரிசையாக வந்தன, வரிசையில் வரத் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திடீரென்று ஒரு நாள் வந்துவிடுகிற மாதிரி. அப்போது வாசல் மணி அடித்தது. நீளமாக, விரலை எடுக்காமல் அடிக்கிற கோபக்கார மணி. திடுக்கிட்டதில் கை பையிலிருந்து விலகியது, வாய் குழாயை விட்டது, சத்தம் நின்றது. நின்றேவிட்டது. முனகல் இல்லை, இழுப்பு இல்லை, பை நிறையக் காற்றோடு அக்குளில் கிண்ணென்று இருக்க, சத்தம் மட்டும் வெட்டுப்பட்டு நின்றது. அவள் அப்படியே நின்றாள். கிழவர் சொன்னது இதுதான். இதை யார் கேட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் கேட்டிருப்பார், அத்தனை தடவை செத்ததையும் கேட்டவர், இந்த ஒரு தடவை சாகாததையும் கேட்டிருப்பார்.

நாற்காலி நகர்ந்தது. செருப்பு இழுபட்டது. தாழ்ப்பாள். ராஜமாணிக்கத்தின் குரல், சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரல். "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரெண்டு வாரமா பொறுத்துப் பார்த்தோம். உங்க வீட்டுலேர்ந்துதான் அந்தச் சத்தம் வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"என்ன சத்தம்?" என்றார் எட்வின். அந்தக் குரல். எவ்வளவு நாளாயிற்று. போனில் ஷைனியிடம் பேசுகிற தாழ்ந்த குரல் இல்லை இது, ரயில் பெட்டியில் டிக்கெட் கேட்கிற குரல், நிதானமாக, கனமாக, நடுவில் லேசாகக் கரகரத்து. மெட்ராஸிலிருந்து வருகிற வண்டியில் பெண்கள் ஹாக்கி அணியோடு வந்தவளிடம் இந்தக் குரலில்தான் முதன்முதலாக டிக்கெட் கேட்டார். அவள் உடம்பு அதற்குத் தானாகத் திரும்பியது, அதற்காக அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பேசுங்கள், என்று நினைத்தாள். எங்க வீட்டுக்காரிதான் பழகுறா, ஸ்கூலுக்கு, திங்கட்கிழமையோட முடிஞ்சிரும், என்று சொல்லுங்கள். அல்லது அவளைத் திட்டுங்கள், ராஜமாணிக்கத்தின் முன்னாலேயே திட்டுங்கள், சொன்னா கேக்க மாட்டேங்கிறா சார் என்று ஒரு வார்த்தை. அதுவும் பேச்சுதான்.

"ஆடு கத்துற மாதிரி சார். ஆடு இல்ல, ஏதோ வாத்தியம்தான். மேல பிள்ளைங்க படிக்குதுங்க. வீட்டுல யாரும் வாத்தியம் வாசிக்கிறாங்களா?"

கோட்டுக்கு அந்தப் பக்கம் எறும்பு ஒன்று வழி தேடி அலைந்துகொண்டிருந்தது.

"எங்க வீட்டுலயா? வாசிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இங்க இல்லையே சார்," என்றார் எட்வின்.

பொய்யும் இல்லை, அதுதான் நெஞ்சில் ஏறியது. இரண்டு வாரம் உட்கார்ந்து கேட்டவருடைய தீர்ப்பு. அந்த வெட்டு நிறுத்தத்தையும் கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு. ராஜமாணிக்கம் ஏதோ இழுத்தார், அப்படியா சார், பின்ன எங்கேர்ந்து என்று. இப்போது அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா நின்றால் போதும். விரல் குழலை மெல்லக் கழற்றினால் பைக்காற்று சத்தமில்லாமல் போய்விடும், அவர் சொன்னது உண்மையாகிவிடும், இந்த வீட்டில் யாரும் இல்லை, ஜெயசீலி என்று ஒருத்தி இல்லை, கதவு சாத்தப்படும், பேப்பர் திரும்பும், திங்கட்கிழமை வரும், சகலை பையன் வருவான். அவளால் அப்படி நிற்கவும் முடியும், இத்தனை நாள் நின்றவள்தானே. அவள் கை மேலே போயிற்று. நெட்டைக் குழலின் தலையிலிருந்து தக்கையைப் பிடுங்கினாள். குழல் லேசாக முனகியது. அடுத்ததைப் பிடுங்கினாள், அதற்கடுத்ததையும். மூன்றையும் கட்டிலின் மேல் எறிந்தாள், அவருடைய பாதியில் போய் விழுந்தன. வாயை வைத்து, குழாயில் இருந்த வெல்லத்தோடும் எறும்போடும் சேர்த்து ஊதினாள், பையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். உறுமல் இல்லை, ஓலம் இல்லை. நாலு குழலும் ஒரே நேரத்தில் எடுத்தன. சுருதி சேரவில்லை, அது சேருகிற ஜாதி வாத்தியமும் இல்லை, ஆனால் பீரோக் கண்ணாடி அதிர்ந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, பல்லுக்குள் அதிர்ந்தது. சாக்பீஸ் கோட்டை நன்றாக அழுந்த மிதித்து, முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளி, நெட்டைக் குழல் நிலைப்படியில் இடிக்காமல் முட்டியை மடக்கிக் குனிந்து, ஹாலுக்குள் இடது காலை எடுத்து வைத்தாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜமாணிக்கத்தின் வாய் திறந்திருந்தது. எட்வினின் வாயும் திறந்திருந்தது, அசைந்தது, ஏதோ சொன்னார், அவளைப் பார்த்துத்தான் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்க வேண்டுமென்றால் ஊதுவதை நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவது என்றும் அவளுக்கு இப்போது தெரியும். இடது, வலது. சோபாவைச் சுற்றி, டிவியைச் சுற்றி, சுற்றுக்கொருதரம் ஸ்போர்ட்ஸ் டேயில் திரும்புகிற மாதிரி குதிகாலில் திரும்பி வந்தாள். எட்வின் இன்னொரு தடவையும் சொன்னார், கழுத்து நரம்பு புடைக்க. அவள் நேராக அவரைப் பார்த்தே நடந்தாள். அவள் போகிற வழியில் கிடந்த தன் நாற்காலியை அவர் ஓரமாக நகர்த்திக்கொண்டார்.